தேயத் தேயத் தெரியும் அழகு

எங்கள் வீட்டில் ஓர் அரிவாள்மனை இருக்கிறது. அம்மாவுக்குக் கல்யாணமானபோது சீர்வரிசையோடு வந்தது. பலாமரத்து மனைக்கட்டையை இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. அலகு மட்டும் அதேதான். அதன் அடியும் நுனியும் அகலமாக இருக்க, நடுவயிறு பிறைபோல உள்வாங்கிக் கிடக்கிறது. புதிய அரிவாள்மனை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், நடுவில் இரண்டு விரற்கடை இரும்பு காணாமல் போயிருப்பது தெரியும். அலகு முழுவதும் கறுப்பு. வாய் மட்டும் வெள்ளிக் கம்பிபோலப் பளிச்சென்று இருக்கும்.

புதிது ஒன்று வாங்கித் தருகிறேன் என்று சொல்லும்போதெல்லாம் அம்மா மறுத்துவிடுவார். “இதுக்கு என்னப்பா குறைச்சல்? அழகாத்தானே இருக்கு.”

‘நன்றாக வெட்டுகிறது’ என்று சொல்லியிருந்தால் அதோடு விட்டிருப்பேன். அவர் சொன்னது அழகு. அந்த அலகில் பூவேலை கிடையாது, பித்தளைப் பூண் கிடையாது, செய்தவர் பேர்கூடக் கிடையாது. தேய்ந்துபோன ஓர் இரும்புத் துண்டில் அம்மா எதை அழகென்று கண்டார்? அந்தக் கேள்வியைப் பின்தொடர்ந்து போனதில் எழுந்ததே இந்தக் கட்டுரை.

கத்தியின் அழகு மூன்று இடங்களில் அமைகிறது. செய்தவர் மேலே ஏற்றிய அழகு ஒன்று. இரும்புக்குள்ளேயே கிடந்து வெளிப்படும் அழகு மற்றொன்று. உடையவரின் கை நாள்தோறும் தேய்த்து உண்டாக்கும் அழகு மூன்றாவது. முதல் இரண்டையும் யாரும் கண்டு வியக்கலாம். மூன்றாவது, உடையவருக்கே முதலில் தெரிவது. அதுவே மூன்றிலும் ஆழமானது என்பது என் துணிபு.

செய்தவர் ஏற்றிய அழகு

பழைய வீடுகளில் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தால் ஒரு பாக்குவெட்டி இருக்கும். கிளி, குதிரை, கைகோத்த ஆணும் பெண்ணும் எனப் பல வடிவங்களில் அதைச் செய்திருக்கிறார்கள். புணேயில் உள்ள ராஜா தின்கர் கேல்கர் அருங்காட்சியகத்தில் இந்தியாவின் பல பகுதிகளிலிருந்தும் சேர்த்த பாக்குவெட்டிகள் வரிசையாக இருக்கின்றன. வெட்டும் வாய் ஒரு விரல் நீளம்தான். மிச்சமெல்லாம் கண்ணுக்கு விருந்து.

அதே வீட்டின் அடுக்களையில் இருந்த அரிவாள்மனைக்கு ஏன் இந்த அலங்காரம் பெரும்பாலும் வாய்க்கவில்லை? வெற்றிலை, விருந்தினர் முன் வைப்பது. பாக்குவெட்டி கூடத்துக்கு வரும், நாலு பேர் கையில் ஏறி இறங்கும். அரிவாள்மனை அடுக்களையை விட்டு வெளியே வராது. பிறர் பார்க்கும் இடத்தில் இருக்கும் கருவிக்கே கைவினைஞர் நகைபூட்டினார்.

எழுத்தாணியும் கத்தியோடு உறவுள்ளதுதான். ஓலையை வாரவும் நறுக்கவும் கத்தி வேண்டும். ஒரு முனையில் எழுத்தாணியும் மறுமுனையில் சிறு கத்தியுமாக அமைந்த வாரெழுத்தாணியைப் பற்றியும், மரம், தந்தம், மாட்டுக்கொம்பு ஆகியவற்றால் பிடி போட்ட மடக்கெழுத்தாணியைப் பற்றியும் உ.வே.சாமிநாதையர் ‘என் சரித்திரம்’ நூலில் விளக்கியிருக்கிறார். படித்தவர் மடியில் செருகிக்கொண்டு நடந்த பொருள் அது. கல்வியின் அடையாளம் என்பதால் அதன் பிடி அழகு பெற்றது.

இந்த வகையின் உச்சத்தை இலங்கையின் கண்டி அரசில் பார்க்கலாம். ‘பிஹா கெத்த’ என்று சிங்களத்தில் அழைக்கப்படும் அந்தக் கத்தியின் அலகு, பிடியை ஒட்டிய பகுதியில் வெள்ளியிலும் பித்தளையிலும் கொடிவேலை கொண்டிருக்கும். பிடி தந்தமாகவோ கொம்பாகவோ இருக்கும். உறைக்குள் கத்தியோடு ஓர் எழுத்தாணியும் செருகப்பட்டிருப்பது உண்டு. அரண்மனைப் பட்டறைகளில் செய்த இவற்றை மன்னர் தம் அதிகாரிகளுக்குப் பரிசாக அளித்தார். இடுப்பில் இருக்கும் கத்தியே ஒருவரின் பதவியைச் சொல்லிவிடும்.

கண்டிக் கைவினைகளை முறையாக ஆராய்ந்து எழுதியவர் ஆனந்த குமாரசுவாமி. கொழும்பில் 1877இல் பிறந்தவர். தந்தை சர் முத்து குமாரசுவாமி தமிழர், தாய் ஆங்கிலேயர். நிலவியல் படித்துவிட்டுக் கனிம ஆய்வுக்காக இலங்கை முழுதும் சுற்றியவர், வழியில் கண்ட கைவினைஞர்களிடம் மனதைப் பறிகொடுத்தார். அவருடைய ‘இடைக்காலச் சிங்களக் கலை’ 1908இல் வெளிவந்தது. அழகையும் பயனையும் தனித்தனியாகப் பிரிப்பது நவீன காலத்தின் பிழை என்பது அவர் வாழ்நாள் முழுவதும் வலியுறுத்திய கருத்து. தன் வேலையைச் சரியாகச் செய்யும்படி அமைந்த பொருளே அழகான பொருள் என்றார் அவர்.

இதற்கு நேர்மாறான ஓர் இரும்பும் நம்மிடம் உண்டு. சிவகங்கை மாவட்டத்துத் திருப்பாச்சேத்தி, அரிவாளுக்குப் பேர்போன ஊர். வயலுக்கும் தோப்புக்கும் வேண்டிய அரிவாள்களோடு, கருப்பசாமிக்கு நேர்த்திக்கடனாகச் செலுத்தும் ஆளுயர அரிவாள்களையும் அந்த வட்டாரத்துப் பட்டறைகளில் அடிக்கிறார்கள். அந்த அரிவாள் எதையும் வெட்டப்போவதில்லை. கோயில் வாசலில் நிமிர்ந்து நிற்பதே அதன் வேலை. அதன் கம்பீரம் அதைச் செலுத்தியவரின் நம்பிக்கை. அதன் அழகு முழுவதும் பார்வைக்கானது. அதனாலேயே அது தேய்வதும் இல்லை.

இரும்புக்குள் கிடந்த அழகு

இரண்டாவது அழகு யாரும் மேலே ஏற்றியதல்ல. அலகைத் தேய்த்து, மெருகிட்டு, லேசான அமிலம் பூசினால் உள்ளிருந்து எழுந்துவரும். ஓடையில் காற்று பட்டதுபோலச் சாம்பலும் வெண்மையுமாக அலையலையான கோடுகள். டமாஸ்கஸ் வாள் என்று உலகம் புகழ்ந்த வாள்களின் நீர்க்கோலம் அதுதான். அந்த வாள்களுக்கான எஃகின் ஊற்றுக்கண்களில் ஒன்று நம் மண்.

ஐரோப்பியர் இதை ‘ஊட்ஸ்’ என்று எழுதினார்கள். கன்னட ‘உக்கு’, தமிழ் ‘உருக்கு’ ஆகிய சொற்களோடு ஆய்வாளர்கள் இதைத் தொடர்புபடுத்துகிறார்கள். ஈரோடு மாவட்டத்துக் கொடுமணலிலும் பழைய தென்னார்க்காட்டு மேல்சிறுவளூரிலும் மூசையில் எஃகு உருக்கியதற்கான தடயங்கள் கிடைத்திருக்கின்றன. சேலம் வட்டாரத்தில் இந்தத் தொழில் 19ஆம் நூற்றாண்டிலும் நடந்தது. பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கிய ஜோசையா மார்ஷல் ஹீத் அதன் செய்முறையைக் குறித்து வைத்தார். சிறு சிறு இரும்புத் துண்டுகளை மண் மூசையில் போட்டு, கூடவே ஆவாரங்கட்டைச் சிராய்களை வைத்து, மேலே எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயை அடைத்து உலையில் அடுக்கித் துருத்தி ஊதுவார்கள். மூசைக்குள் ஆவாரங்கட்டையின் கரி இரும்போடு கலந்து, நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு அளவில் கார்பன் ஏறிய எஃகாகும். வேலியோரத்து ஆவாரையும் எருக்கும் சேர்ந்து விளைவித்த எஃகு அது!

இங்கிலாந்தின் ராயல் சொசைட்டியில் ஜார்ஜ் பியர்சன் 1795இல் இதைப் பற்றிய ஆய்வுரையை அளித்தார். பிறகு, கொல்லர் மகனாகப் பிறந்த மைக்கேல் ஃபாரடே, ஜேம்ஸ் ஸ்டோடார்ட் என்ற கத்தி செய்பவரோடு சேர்ந்து இந்த எஃகைப் போலவே செய்துபார்க்க முயன்றார்; 1820இல் அவர்களுடைய சோதனை முடிவுகள் வெளிவந்தன. மின்சாரத்தின் விதிகளைக் கண்டவர் தம் ஆய்வு வாழ்வின் தொடக்க ஆண்டுகளில் நம் ஊர் உருக்கோடு மல்லாடியிருக்கிறார் என்பதை நினைக்க மனம் நெகிழ்கிறது.

நீர்க்கோலத்தின் இரகசியம் பெருமளவு விளங்கியது 20ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அமெரிக்க உலோகவியலாளர் ஜான் வெர்ஹோவனும், கத்திக் கொல்லரான ஆல்ஃபிரட் பெண்ட்ரேயும் சேர்ந்து பல ஆண்டுகள் உருக்கியும் அடித்தும் பார்த்து, 1998இல் முடிவை வெளியிட்டார்கள். தாதுவில் மிக நுண்ணிய அளவில் கலந்திருக்கும் வனேடியம் போன்ற தனிமங்கள், எஃகு உறையும்போது கிளைக்கிளையாகப் பிரிந்து நிற்கின்றன. கொல்லர் அளவான சூட்டில் திரும்பத் திரும்பக் காய்ச்சி அடிக்க அடிக்க, கடினமான கார்பைடுத் துகள்கள் அந்தத் தனிமங்கள் நிற்கும் வரிசையிலேயே போய்ச் சேருகின்றன. அந்த வரிசைதான் வெண்கோடு. சூடு மிகுந்தால் கோலம் கலைந்துவிடும்.

உடையவருக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. இந்தக் கோலம் வாங்கிய நாளோடு முடிந்துவிடுவதில்லை. துரு ஏறினால் மறையும். துடைத்து எண்ணெயிட்டால் நிற்கும். கொல்லர் வெளிக்கொணர்ந்ததை உடையவர் காக்க வேண்டும். எனவே இந்த இரண்டாவது அழகிலேயே உடையவரின் கை பாதி வந்துவிடுகிறது.

கை தேய்த்த அழகு

தூத்துக்குடி மாவட்டத்துத் தேரிக்காட்டில் ஒரு பனையேறி பாளையரிவாள் தீட்டுவதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். வெங்கச்சாங்கல்லை இடித்துச் சலித்த பொடியை ஒரு மரப்பலகையில் தூவி, அதன்மேல் அலகைப் படுக்கவைத்து இழைத்தார். அவசரமே இல்லை. பத்து இழைப்புக்கு ஒரு முறை அலகைத் திருப்பி வெயிலில் பிடித்து ஒற்றைக் கண்ணால் வாயைப் பார்ப்பார். வாயில் எங்காவது வெளிச்சம் மின்னினால் அந்த இடம் இன்னும் மழுங்கலாக இருக்கிறது என்று பொருள். கூரான விளிம்பு ஒளியைத் திருப்பித் தராது; கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். கடைசியில் முன்கை மயிரில் லேசாக ஓட்டிப் பார்த்தார். நாலைந்து மயிர் உதிர்ந்தது. போதும் என்று துடைத்து இடுப்புப் பெட்டியில் வைத்தார்.

அவர் காலையும் மாலையும் மரமேறுகிறவர். ஒவ்வொரு முறையும் பாளையின் நுனியில் காகிதக் கனத்துக்கு ஒரு சீவல் எடுக்க வேண்டும். வெட்டு சுத்தமாக விழுந்தால் பாளை சுரக்கும்; மழுங்கிய அரிவாள் பாளையை நசுக்கிவிடும். பருவம் முழுவதும் குடும்பத்தின் வருமானம் அந்த விளிம்பில் நிற்கிறது. அரிவாளைக் கையில் வாங்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கொடுத்தார், ஆனால் ஒரு வார்த்தை சொன்னார். “அடுத்தவன் கைக்குப் போனா அருவா பேச்சு கேக்காது தம்பி, சும்மா பாத்துட்டுக் குடுத்துருங்க.”

முன்கை மயிரைச் சிரைக்கும் அளவுக்குக் கூரான எஃகை அதே மயிர் மழுங்கச் செய்கிறது என்பது வியப்பான உண்மை. மயிரைவிட எஃகு ஏறக்குறைய 50 மடங்கு கடினமானது. ஆனாலும் சவர பிளேடு ஏன் விரைவில் மழுங்குகிறது? அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் இதை மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, 2020இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். விளிம்பு சீராகத் தேய்வதில்லை. மயிர் வளைந்து சாய்வாகப் படும்போது, எஃகின் உள்ளமைப்பு ஒரே சீராக இல்லாத இடங்களில் கண்ணுக்குத் தெரியாத சில்லுகள் உடைந்து விழுகின்றன. வெட்டப்படும் பொருள் எவ்வளவு மென்மையானாலும் வெட்டும் விளிம்பை அது மாற்றிக்கொண்டே இருக்கிறது.

அடுக்களையிலும் இதே கதைதான். வெங்காயம் நறுக்கும்போது மழுங்கிய வாய் தோலை அழுத்தி நசுக்குகிறது. உள்ளே சேரும் அழுத்தம் சட்டென்று வெடித்துச் சாறு துளித்துளியாகத் தெறிக்கிறது. கூரான வாய் என்றால் தெறிப்பு குறைவு என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2025இல் அளந்து காட்டினார்கள். அம்மாவுக்கு இது ஆய்வில்லாமலே தெரியும். கண் எரிந்தால், “சாணை பிடிக்கணும்” என்பார்.

தெருவில் சாணைக்காரர் குரல் கேட்டால் கத்தியெல்லாம் வெளியே போகும். அரிவாள்மனை மட்டும் போகாது. சுழலும் சாணைக்கல் ஒரு நொடியில் நிறைய இரும்பைத் தின்றுவிடும் என்பது அம்மாவின் கணக்கு. கொல்லைப்புறக் கருங்கல் படியில் தண்ணீர் தெளித்து, அலகின் எந்த இடம் மழுங்கியதோ அந்த இடத்தை மட்டும் தீட்டுவார். மழுங்குவது எப்போதும் நடுவயிறுதான், காய் வந்து படும் இடம் அதுவே. ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் அதே இடத்தில் வெட்டி, அதே இடத்தில் தீட்டியதால் விழுந்த பிறை அது. எந்தக் கொல்லரும் அந்த வளைவை அடிக்கவில்லை. காய், கல், அம்மாவின் கை ஆகிய மூன்றும் சேர்ந்து அடித்தது.

அலகின் கறுப்புக்கும் ஒரு கதை உண்டு. வாழைக்காயிலும் வாழைப்பூவிலும் துவர்ப்புச் சத்து மிகுதி. அது இரும்போடு சேர்ந்தால் கருநிறம் பிறக்கும். கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து அந்தக் காலத்தில் மை காய்ச்சினார்களே, அதே வேதிவினைதான். இந்த அரிவாள்மனையின் மேல் படிந்திருப்பது ஒரு வகையில் மை. அம்மா சமைத்த வாழைக்காய்ப் பொரியல்களும் வாழைப்பூ உசிலிகளும் தம்மை அதில் எழுதி வைத்திருக்கின்றன. நன்கு படிந்த அந்தக் கருமை, துரு எளிதில் ஏறாமலும் ஓரளவு காக்கிறது.

இங்கே எவர்சில்வரின் வரலாற்றை நினைக்கத் தோன்றுகிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில் துப்பாக்கிக் குழல் அரிப்புக்குத் தீர்வு தேடிய ஹாரி பிரேர்லி, 1913 ஆகஸ்டில் ஏறக்குறைய 13 விழுக்காடு குரோமியம் கலந்த எஃகை உருக்கினார். அது கறைபடவில்லை. உணவு மேசைக் கத்திக்கு இதுவே ஏற்றது என்று அவர் சொன்னபோது கத்தித் தொழிலாளர்கள் நம்பவில்லை. வெட்டாத கத்திகளைக் கண்டுபிடித்தவர் என்று அவரைக் கேலிசெய்தார்கள். பின்னாளில் அந்தக் குறை நீங்கி, இன்று மிக நல்ல எவர்சில்வர் கத்திகள் கிடைக்கின்றன. அவற்றின் சிறப்பே எதையும் தம்மேல் படியவிடாமல் இருப்பது. ஆனால் எதுவும் படியாத அலகில், பயன்படுத்தியவரின் வாழ்க்கையும் படிவதில்லை. சமையலுக்கு அது வசதி. உரிமையுணர்வுக்கு அது இழப்பு.

உரிமையுணர்வு எங்கே பிறக்கிறது என்பதற்கு உடலியலில் ஒரு தடயம் இருக்கிறது. ஜப்பானிய ஆய்வாளர் அட்சுஷி இரிகியும் குழுவினரும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், குரங்குகளை ஒரு சிறு வாருகோலால் உணவை இழுத்து எடுக்கப் பழக்கினார்கள். கையைச் சுற்றியுள்ள இடத்தை உணரும் மூளைச் செல்கள், கோலைப் பயன்படுத்திய பிறகு கோலின் நீளம் முழுவதையும் சேர்த்து உணரத் தொடங்கின. கோலை வெறுமனே பிடித்திருந்தபோது அந்த விரிவு இல்லை. வைத்திருப்பதால் ஒரு கருவி கையின் பகுதி ஆவதில்லை, வேலை செய்யும்போதே ஆகிறது. ‘அடுத்தவன் கைக்குப் போனா பேச்சு கேக்காது’ என்று பனையேறி சொன்னதற்கு இதைவிட நல்ல உரை எழுத முடியாது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லலாம். நார்ட்டன், மோச்சன், ஏரியலி ஆகிய மூவர் 2012இல் வெளியிட்ட ஆய்வில், தாங்களே மடித்த காகித உருவங்களுக்கு மக்கள் மிக உயர்ந்த விலை மதித்தார்கள். பிறர் கண்ணுக்கு அவை கோணல்மாணல். தன் உழைப்பு சென்று சேர்ந்த பொருளின்மேல் மனிதருக்குத் தனி வாஞ்சை பிறக்கிறது. கத்தி செய்யத் தெரியாதவரும் அதைத் தீட்டும்போது கொஞ்சம் கொஞ்சமாக அதைச் செய்கிறவர் ஆகிறார். மற்றக் கருவிகளைப் பேணினால் அவை அப்படியே இருக்கும். கத்தியைப் பேணினால் அது குறையும். ஒவ்வொரு தீட்டலிலும் இரும்பின் ஒரு பொடி கல்லில் தங்கிவிடுகிறது. கத்தியின் உயிரே அதன் விளிம்பு என்பதால், அந்த உயிரைக் காக்க உடலைச் சிறிது சிறிதாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. இதை அறிந்து, அளந்து, வீணாக்காமல் கொடுக்கிறவரே உடையவர்.

சரசுவதி பூசையன்று அரிவாள்மனைக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, அன்று அதைத் தொடாமல் விடுகிறோம். முதல் நாளே காய் நறுக்கி வைத்துக்கொள்கிறோம். வருடம் முழுவதும் தேய்ந்த ஒன்றுக்கு ஒரு நாள் தேய்மானமில்லாத ஓய்வு. கத்தியை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கையில் வாங்காமல் கீழே வைத்து எடுத்துக்கொள்ளும் வழக்கத்தையும் மூடப்பழக்கம் என்று தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. ஒருவரின் கையோடு ஒட்டியதை அவரே இறக்கி வைக்கட்டும் என்ற மரியாதை அதில் இருக்கிறது.

வேறொருவர் பிறை

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் உண்டு. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த மரமும் பித்தளையும் பீங்கானும் வாசல்வரை குவிந்திருக்கும். ஒரு கடையில் தூசிக்குள் பழைய அரிவாள்மனை ஒன்று கிடந்தது. கட்டையில் நல்ல செதுக்கு வேலை. கடைக்காரர் அதைத்தான் காட்டினார். என் கண் அலகுக்குப் போயிற்று.

அதிலும் பிறை விழுந்திருந்தது. ஆனால் எங்கள் வீட்டு இடத்தில் இல்லை. நுனியை நெருங்கி, மேல்பக்கமாக விழுந்திருந்தது. கொஞ்ச நேரம் புரியவில்லை. பிறகு தரையில் உட்கார்ந்து, முழங்காலால் கட்டையை அழுத்தி, காய் நறுக்குவதுபோலக் கையை வைத்துப் பார்த்தேன். என் கை இயல்பாக நடுவயிற்றுக்குத்தான் போயிற்று. முதுகை நிமிர்த்திக் கையை உயர்த்தினால்தான் அந்தப் பிறைக்குப் பொருந்தியது. அதை வைத்து வேலை செய்தவர் உயரமானவராக இருந்திருக்கலாம். குனிய முடியாதவராகவும் இருந்திருக்கலாம். பேர் தெரியாது, ஊர் தெரியாது. அவர் உட்கார்ந்த விதம் மட்டும் அந்த இரும்பில் இருந்தது.

செதுக்கு வேலையைக் கடைக்காரர் விலை பேசினார். பிறைக்கு அவரிடம் விலை இல்லை. எனக்கும் அதை வாங்கத் தோன்றவில்லை. அது என் கை தேய்த்ததல்ல. தூசியைத் துடைத்து இருந்த இடத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவின் அரிவாள்மனையை எடுத்துக் கொல்லைப் படிக்குப் போனேன். அம்மாவுக்கு இப்போது தரையில் உட்கார முடிவதில்லை. படியில் தண்ணீர் தெளித்து, அவர் பழக்கப்படி நடுவயிற்றை மட்டும் தீட்டினேன். வெயிலில் பிடித்து, வாயில் மின்னும் வெளிச்சம் போய்விட்டதா என்று பார்த்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்த அம்மா சொன்னார்: “போதும்ப்பா. அதுக்கு மேல இழைச்சா இரும்புதான் போகும்.”